மஞ்சள் சாப்பிட்டால் மறதி வராதா? அழற்சி, சாப்பாடு, மூளை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவைப் பற்றி எழுதுகிற ஆள் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. பக்கத்து இலைக்காரர் சாம்பாரைக் காட்டி, "இதில் இருக்கிற மஞ்சள் மூளைக்கு நல்லதாமே?" என்று தொடங்கிவிடுவார். அப்படிப் பல பந்திகளில் கேட்ட கேள்விகளையும், சாப்பாடு ஆறிப்போகும் என்று அங்கே முழுதாகச் சொல்லாமல் விட்ட பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அழற்சி என்கிறார்களே, அது என்ன? மூளைக்குள்ளும் வருமா?

முள் குத்திய விரல் சிவந்து, வீங்கி, சூடாகி, விண்விண் என்று வலிக்கிறது அல்லவா? அதுதான் அழற்சி. கிருமியை விரட்டவும் புண்ணை ஆற்றவும் உடம்பு செய்யும் வேலை. நாலைந்து நாளில் அடங்கிவிடும். அது வர வேண்டும், வராவிட்டால்தான் ஆபத்து.

தொல்லை கொடுப்பது வேறொரு வகை. சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. சாம்பலுக்குள் கங்கு போல வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கட்டுக்கு அடங்காத சர்க்கரை நோய், தொப்பைக் கொழுப்பு, புகைப்பழக்கம், பல் ஈறு நோய் எல்லாம் அதற்கு விறகு. இரத்தப் பரிசோதனையில் சி-ரியாக்டிவ் புரதம் சற்றே கூடியிருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று.

மூளைக்கென்று தனியாகக் காவல் செல்கள் உண்டு. மைக்ரோகிளியா என்று பெயர். 1919-ல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஒர்தேகா அவற்றை அடையாளம் கண்டார். கழிவை விழுங்குவது, தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பது, அல்சைமர் என்ற மறதி நோயில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைச் சுத்தம் செய்வது எல்லாம் இவற்றின் வேலை. ஓய்வே இல்லாமல் உசுப்பிவிடப்பட்டால் இவை வெளியிடும் அழற்சிப் பொருள்கள் பக்கத்து நரம்புச் செல்களையே பாதிக்கின்றன. 2013-ல், டிரெம்2 என்ற மரபணுவில் ஏற்படும் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்று தெரிந்தது. மூளையில் அந்த மரபணு இயங்கும் இடம் இந்தக் காவல் செல்கள்தான். அழற்சி வெறும் வேடிக்கை பார்ப்பவர் அல்ல, நோயில் அதற்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது.

அப்படியானால் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் போதாதா?

போதும் என்றுதான் பலர் நம்பினார்கள். மூட்டு வாதத்துக்காகப் பல வருடம் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் குறைவாகத் தென்பட்டது. அதனால் அமெரிக்காவில் குடும்பத்தில் அல்சைமர் இருந்த, 70 வயது தாண்டிய 2,500 பேரைச் சேர்த்து நேப்ராக்சென், செலிகாக்சிப் என்ற இரண்டு மருந்துகளைச் சோதித்தார்கள். இதய ஆபத்து பற்றிய கவலையால் 2004-ல் மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. அதுவரை கிடைத்த முடிவிலும், பிறகு தொடர்ந்து கவனித்ததிலும் மூளைக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

இந்தக் கதையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அழற்சியை நேரடியாக அடக்கத் தெரிந்த மருந்தாலேயே ஆகாத காரியத்தை, அஞ்சறைப் பெட்டியில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுச் சாதித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானித்துக் கேட்க வேண்டும்.

மஞ்சளில் இருக்கும் மருந்துப் பொருள் என்ன? சமையலில் போடும் அளவு போதுமா?

குர்க்குமின். மஞ்சளுக்கு நிறம் தருவதே அதுதான். சோதனைக் குழாயிலும் எலிகளிலும் அது அழற்சிச் சமிக்ஞைகளைத் தணிக்கிறது, அமிலாய்டோடு ஒட்டிக்கொள்கிறது. இதுவரை சரி.

அளவு என்று வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. வீட்டுச் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் ஏறக்குறைய 3 கிராம். நாலு பேருக்கான சாம்பாரில் நான் போடுவது அரைத் தேக்கரண்டி. தலைக்கு அரை கிராம்கூட வரவில்லை. ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் சேர்த்துத் தாராளமாக ஒரு நாளைக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம். ஆக, ஒரு நாளில் உள்ளே போவது 30 மில்லிகிராம்.

மருத்துவச் சோதனைகளில் கொடுத்தது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 மில்லிகிராம் வரை. 2,000 மில்லிகிராம் வேண்டுமென்றால் தினமும் 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். அப்படித் தின்றவருக்கு மறதி வருமோ வராதோ, அவர் வயிறு அதை மறக்காது.

உடம்பில் சேர்வதே இல்லை என்கிறார்களே?

இதற்கு ஆய்வகம் வேண்டாம், அடுப்படியும் வாசலும் போதும். தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கி வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அடியில் தங்கிவிடும். அதையே தாளிக்கும் எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுக்கப் பொன்னிறம். குர்க்குமின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. மஞ்சள் கறை பட்ட வேட்டியைச் சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். ஒளி பட்டால் அது சிதையும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவந்துவிடுகிறதே, அது சுண்ணாம்பின் காரத்தன்மையை (அமிலத்துக்கு எதிரான குணத்தை) கண்டு குர்க்குமின் உருமாறுவது. நம் சிறுகுடலின் சூழலிலும் அந்தக் காரத்தன்மை லேசாக உண்டு. அங்கேயும் அது நிலையாக நிற்பதில்லை. மிஞ்சியதைக் குடல் சுவரும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. இரத்தத்துக்கு வருவது சொற்பம். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டுவது அதிலும் சொற்பம்.

மிளகு சேர்த்தால் 2,000 சதவீதம் கூடுமாமே?

அந்த எண் பொய்யில்லை. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்க்குமினுடன் மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் குர்க்குமின் 20 மடங்கு கூடியது. விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஏறக்குறைய ஒன்றுமில்லாததை 20 மடங்காக்கினாலும் கொஞ்சம்தான். சோதித்ததும் ஆரோக்கியமான சிலரிடம். அளந்தது இரத்தத்தில் குர்க்குமின் எவ்வளவு என்பதை, நினைவாற்றலை அல்ல.

பைப்பரின் இதைச் சாதிக்கும் வழியும் கவனிக்க வேண்டியது. வேண்டாததை வெளியே தள்ளும் கல்லீரலின் கையை அது பிடித்துக்கொள்கிறது. அப்போது குர்க்குமின் மட்டும் அல்ல, சில மருந்துகளும் இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றில் இது தெரியவந்திருக்கிறது. மிளகு ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். பைப்பரின் சேர்த்த காப்ஸ்யூலைத் தினமும் விழுங்குகிறவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

மனிதர்களிடம் குர்க்குமினைச் சோதித்தார்களா, இல்லையா?

சோதித்தார்கள். 2012-ல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில் அல்சைமர் தொடங்கிவிட்ட 36 பேருக்கு 24 வாரம் கொடுத்தார்கள்; தினமும் 2 கிராம் அல்லது 4 கிராம். போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மறதி நோய் இல்லாத 40 பேரிடம், எளிதில் உட்கிரகிக்கும்படி தயாரித்த குர்க்குமினை 90 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை 18 மாதம் கொடுத்தார்கள். நினைவுத் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 40 பேர் என்பது ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகக்கூடிய கூட்டம். அதை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது.

இந்தியாவில் அல்சைமர் குறைவு, அதற்குக் காரணம் மஞ்சள் என்று படித்தேனே?

பந்தியில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். வேர் எங்கே என்றால், ஹரியானாவின் பல்லப்கரில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களில் செய்த கிராமத்து ஆய்வு. அங்கே அல்சைமர் மிகக் குறைவாகத் தெரிந்தது உண்மை. மஞ்சள்தான் காரணம் என்பது பின்னால் மற்றவர்கள் ஒட்டவைத்தது. அந்தத் தலைமுறையின் ஆயுள் குறைவு. நோய் வந்தவர்கள் நீண்ட நாள் பிழைத்திருப்பதும் குறைவு. "வயசானால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. இவை ஒவ்வொன்றும் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.

நாடு முழுவதும் எடுத்த, 2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அல்சைமரும் அடங்கிய மறதி நோய்கள்) இருக்கிறது. அவர்கள் வீட்டு அடுப்படியிலும் மஞ்சள் டப்பா இருந்திருக்கும்.

கடையில் வாங்கும் மஞ்சளில் கலப்படம் இருக்குமா?

இருக்கலாம், இந்தக் கலப்படம் நேராக மூளையைத்தான் தாக்கும். மஞ்சளின் நிறத்தைத் தூக்கிக் காட்ட லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைப் பூசுகிறார்கள். வங்கதேசத்தில் இது அம்பலமானபோது, 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு மொத்த வியாபாரிகளைப் பிடித்து அபராதம் போட்டது. செய்தித்தாள்கள் விடாமல் எழுதின. 2021-ல் அது சுழியத்துக்கு வந்தது. இரண்டே வருடம்! பிறகு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளின் முடிவு 2024-ல் வெளியானது. 14 சதவீத மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். பாட்னாவில் சில மாதிரிகளில் அது ஆயிரத்தைத் தாண்டியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே குலைக்கும்.

என் வழக்கம்: விரலி மஞ்சளாக வாங்குவேன். பளபளவென்று எலுமிச்சை நிறத்தில் மின்னுவதைத் தொடமாட்டேன். மங்கலாக, சுருக்கம் விழுந்து, கையில் தேய்த்தால் தூள் அதிகம் ஒட்டாததாகப் பார்த்து வாங்கி, கழுவி, காயவைத்து, மாவு மில்லில் அரைத்துக்கொள்வேன். இது ஐயத்தைக் குறைக்குமே தவிர உத்தரவாதம் இல்லை. கிழங்கின் மேல் பூசுவதும் நடக்கிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூவிப் பார்க்கும் சோதனை ஈயத்துக்கு நம்பத்தக்கது அல்ல, ஆய்வகத்தில்தான் தெரியும்.

குர்க்குமின் காப்ஸ்யூல் வாங்கலாமா?

நான் வாங்கமாட்டேன். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் குழு, மஞ்சள் காப்ஸ்யூல்களால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் எழுதியது. 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். 10 பேரில் 7 பேரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. அது தங்களுக்கு இருக்கிறதா என்று கடைக்குப் போகிற யாருக்கும் தெரியாது. அரிதான பாதிப்புதான். ஆனால் நிரூபணமாகாத ஆதாயத்துக்கு அரிதான ஆபத்துகூட எதற்கு? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மீன் எந்த அளவுக்கு உதவும்?

என் கணக்கில் மஞ்சளைவிட மீனுக்கு மதிப்பெண் அதிகம். மூளைச் செல்களின் உறையில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு கணிசமாக இருக்கிறது. உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்வது மிகக் குறைவு, சாப்பாட்டில் வர வேண்டும். ஒமேகா-3-ல் இருந்து உடம்பு ரிசால்வின் என்ற பொருள்களையும் செய்கிறது. இவை அழற்சியை அமுக்குவதில்லை. வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று காவல் செல்களுக்குச் சொல்லி அனுப்புகின்றன. அடக்குவதற்கும் முடித்துவைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வஞ்சிரத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. மத்தி, அயிலை, நெத்திலி என்று மலிவாகக் கிடைக்கும் கொழுப்புள்ள கடல்மீன்கள் போதும். கன்னியாகுமரிப் பக்கம் சாளை என்று சொல்வதும் மத்திதான். கருகக் கருகப் பொரிப்பதைவிடக் குழம்பு மேல். மீனில் இருந்து இறங்கும் கொழுப்பும் சோற்றோடு சேர்ந்து வந்துவிடும்.

மீன் சாப்பிடுகிறவர்களிடம் மறதி நோய் குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. மீன் எண்ணெய் மாத்திரையைக் கொடுத்துச் செய்த பெரிய சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. மாத்திரையில் எண்ணெய் மட்டும்தான் வருகிறது. தட்டில் மீன் இருந்தால் அந்த இடத்தில் இருந்திருக்கக்கூடிய வேறொன்று இல்லாமல் போகிறது. அதுவும் கணக்கில் வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

ஆளி விதை, வால்நட் இரண்டிலும் இருப்பது ஒமேகா-3-ன் முன்வடிவம். உடம்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் டிஎச்ஏ-வாக மாற்றுகிறது. சாப்பிடுங்கள், மீனுக்கு ஈடு என்று மட்டும் எண்ண வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியில் இருந்து எடுக்கும் டிஎச்ஏ கிடைக்கிறது. மீனுக்கே அது பாசியில் இருந்துதான் வருகிறது.

கீரை, பழங்களில் எவை?

கீரைக்கே முதல் இடம். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் 960 முதியவர்களைச் சில வருடங்கள் கவனித்து 2018-ல் எழுதினார்கள்: தினம் ஒரு முறைக்கு மேல் கீரை சாப்பிட்டவர்களின் நினைவாற்றல், ஏறக்குறைய சாப்பிடாதவர்களைவிட 11 வயது இளமையாக இருந்தது. கீரை மட்டும்தான் காரணம் என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. தினமும் கீரை ஆய்கிற வீட்டில் மற்ற பழக்கங்களும் ஒழுங்காக இருக்கலாம். இரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

வெளிநாட்டு ஆய்வுகள் புளூபெர்ரியைக் கொண்டாடுவது அதன் ஊதா நிறமிக்காக. அதே குடும்பத்து நிறமிகள் நாவல் பழத்தில் உண்டு, கத்தரிக்காயின் ஊதாத் தோலிலும் உண்டு. தோலைச் சீவிவிட்டுச் சமைத்தால் அது குப்பைக்குத்தான் போகும்.

மூளைக்கென்றே ஓர் உணவுத் திட்டம் உண்டாமே?

மைண்ட் உணவுமுறை. அதே ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்ற ஆய்வாளர் 2015-ல் முன்வைத்தார். கீரை, மற்ற காய்கள், கொட்டைகள், பெர்ரி, பயறு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் அதிகம். வெண்ணெய், சீஸ், இனிப்பு, பொரித்தது, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி குறைவு. ஒழுங்காகப் பின்பற்றியவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு 53 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

பிறகு முறைப்படி சோதித்தார்கள். 604 பேர், மூன்று வருடம். பாதிப் பேருக்கு மைண்ட் உணவு. மீதிப் பேருக்கு வழக்கமான சாப்பாடு, ஆனால் அளவைக் குறைக்க ஆலோசனை. 2023-ல் முடிவு வந்தது: இரு தரப்புக்கும் நினைவாற்றலில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இதைக் கேட்டதும் "எல்லாம் ஏமாற்று" என்று சிலர் கையை உதறினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரு தரப்புமே ஏறக்குறைய 5 கிலோ இளைத்தது, இரு தரப்பின் மதிப்பெண்ணும் கொஞ்சம் ஏறியது. முப்பது வருடம் ஊறி வரும் நோய்க்கு மூன்று வருடத்தில் விடை கேட்டதும் அவசரம்தான். அதே சமயம், 53 சதவீதம் என்ற எண்ணை இனி யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

ஆலிவ் எண்ணெய் வாங்கியே ஆக வேண்டுமா?

நல்ல ஆலிவ் எண்ணெயைப் பச்சையாக ஒரு வாய் விழுங்கினால் தொண்டை கமறும். அதற்குக் காரணமான ஒலியோகேந்தல், இபுபுரோஃபென் மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்கிறது என்று 2005-ல் கண்டார்கள். ஆனால் 50 கிராம் எண்ணெயில் இருப்பது மாத்திரையின் ஒரு நாள் அளவில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் சமம். ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கொடுத்த சோதனையில் முதியவர்களின் மூளைத்திறன் சற்று மேலாக இருந்தது உண்மை. அது ஸ்பெயின்காரர்களின் அன்றாட எண்ணெய். நமக்கு நல்லெண்ணெய் இருக்கிறது. அதில் ஒலியோகேந்தல் இல்லை, செசமின் போன்ற வேறு பொருள்கள் உண்டு. பலகாரம் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை நிறுத்துங்கள். ஆலிவ் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

எதைக் குறைப்பது?

சர்க்கரை, உப்பு, பாக்கெட் தீனி. மஞ்சள் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர் மூளைக்கு எதை அனுப்புகிறார் என்று யோசித்துக்கொள்ளட்டும். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவுக்கு, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடலசைவின்மை, காது கேளாமை, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. தனியொரு மசாலாவோ பழமோ அந்தப் பட்டியலில் இல்லை.

அம்மாவுக்கு மறதி அதிகமாகிறது. என்ன உணவு கொடுக்கலாம்?

உணவுக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை. எங்கள் சித்தி ஒருவர், சுத்த சைவம், பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதைத் தவறவிடத் தொடங்கினார். வீட்டில் மூன்று மாதம் மஞ்சளும் மிளகும் பாலில் போட்டுக் கொடுத்தார்கள். கால் மரத்துப்போகிறது என்று வேறொரு காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோதுதான் பி12 மிகக் குறைவு என்று தெரிந்தது. ஊசி தொடங்கிய சில மாதங்களில் தேறினார். பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். மெட்ஃபார்மின் அதை உட்கிரகிப்பதையும் குறைக்கும்.

தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை ஆகியவையும் மறதி வேடம் போடும். மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்: மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்துப் பொட்டலம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மஞ்சள் காப்ஸ்யூல் டப்பா உட்பட.